டோஃபு, சோயா பால் தினமும் எடுக்கலாமா? ஆண்களுக்கு ஆகாது, தைராய்டுக்கு ஆகாது என்பதெல்லாம் உண்மையா?

#1 கீழைக்காற்று

அப்பாவுக்கு 64 வயசு. ரத்தப் பரிசோதனையில எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கூடியிருக்கு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மூணு மாசம் சாப்பாட்டுல பார்ப்போம், கறியைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கறிக்குப் பதிலா டோஃபு (சோயா பன்னீர்), சோயா பால்னு ஆரம்பிக்கலாம்னு நான் சொன்னேன். வீட்ல ஒரே பஞ்சாயத்து. தம்பி ஜிம்முக்குப் போறவன், "அதைத் தின்னா ஆம்பளைக்கு மார்பு வளரும், அப்பாவுக்குக் கொடுக்காதே"ங்கிறான். அம்மா தைராய்டு மாத்திரை போடுறாங்க, அத்தை வந்து "சோயா வீட்டுக்குள்ளயே வரக்கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இணையத்துல தேடினா பாதிப் பேர் அமிர்தம்ங்கிறாங்க, பாதிப் பேர் விஷம்ங்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

#2 இரும்புக்கை

தம்பி சொல்றதுல தப்பே இல்லை. சோயாவுல ஈஸ்ட்ரோஜன் இருக்குங்கிறது ஊரறிஞ்ச விஷயம். எங்க பயிற்சியாளர் சோயா பவுடரைத் தொடவே விடமாட்டார். டெஸ்டோஸ்டிரோன் குறையும், தசை ஏறாது. முட்டை இருக்கு, மீன் இருக்கு, பருப்பு இருக்கு. எதுக்கு வேண்டாத வேலை?

#3 வம்பளப்பு

சீனாவிலயும் ஜப்பான்லயும் ஆயிரம் வருஷத்துக்கு மேல டோஃபு சாப்பிட்டும் மக்கள்தொகை குறைஞ்ச மாதிரி தெரியலையே? சும்மா கேட்டேன்.

#4 தராசுமுள்

வம்பளப்பு, சிரிக்க நல்லா இருக்கு, வாதமா எடுபடாது. மக்கள்தொகை பெருக நூறு காரணம் இருக்கும். இந்தப் பயம் எங்கே இருந்து கிளம்பியது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

சோயாவில் இருப்பது மனித உடம்பு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அல்ல. ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் போன்ற ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள். அவற்றின் வடிவம் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருப்பதால் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் அதே இடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் ஒட்டும். அந்த ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் நன்றாக ஒட்டும். ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் பீட்டாவைத்தான் நாடும், அதுவும் பலவீனமாக. அதனால் ஒரு திசுவில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும், இன்னொன்றில் ஒன்றுமே செய்யாது, வேறொன்றில் எதிராகக்கூட நிற்கும். "ஈஸ்ட்ரோஜன் இருக்கு" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பயத்தின் வேர் செம்மறி ஆடுகள். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனத்தை மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. அந்தச் செடியில் ஐசோஃப்ளேவோன் ஏராளம், ஆடுகள் வேறு எதையும் அதிகம் தின்னவில்லை, அவற்றின் இரைப்பை அதை வீரியம் கூடிய ஈக்குவால் என்ற பொருளாக மாற்றியது. அறிவியல் உலகம் உஷாரானது அப்போதுதான். அது நியாயமான உஷார்தான்.

மனிதர்களில்? 2008ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. 60 வயது ஆண், இரண்டு மார்பும் வீங்கி வலி. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து, கடைசியில் சாப்பாட்டை விசாரித்தால் மனிதர் தினமும் 3 லிட்டருக்குக் கிட்டே சோயா பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் வலி போனது, ஹார்மோன் அளவும் மெல்ல இறங்கியது. உங்கள் தம்பி கேள்விப்பட்டது பெரும்பாலும் இந்தக் கதையின் பேரன் பேத்திகளாகத்தான் இருக்கும்.

மறுபக்கம், ஆண்களை வைத்துச் செய்த 41 ஆய்வுகளைத் திரட்டி 2021ல் ஒரு அலசல் வந்தது. சோயா புரதமோ ஐசோஃப்ளேவோனோ எடுத்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் மாறவில்லை, ஈஸ்ட்ரோஜனும் மாறவில்லை. அளவு கூடியபோதும், நாள் நீண்டபோதும் அதேதான்.

#5 இரும்புக்கை

விந்தணு குறையும்னு ஹார்வர்டு ஆராய்ச்சியே இருக்கு, அதை ஏன் விட்டுட்டீங்க?

#6 தராசுமுள்

விடவில்லை, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 2008ல் வந்தது. குழந்தையின்மை சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 99 ஆண்கள். அதிகமாக சோயா சாப்பிட்டவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அணுக்களின் அசைவிலும் உருவத்திலும் வித்தியாசம் இல்லை. உடல் எடை கூடியவர்களிடம்தான் அந்தத் தொடர்பு பலமாகத் தெரிந்தது. யாருக்கும் சோயா கொடுத்துப் பார்க்கவில்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கணக்குப் போட்டதுதான். சோயா கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் விந்தணு மாறவில்லை. குழந்தைக்காகச் சிகிச்சையில் இருக்கும் ஆண் ஒருவர் "எதற்கு வம்பு" என்று கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் நான் தடுக்கமாட்டேன். 64 வயது அப்பாவுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

#7 வம்பளப்பு

மூணு லிட்டர்! அவ்வளவு பசும்பால் குடிச்சிருந்தாலும் அவரு ஆஸ்பத்திரியிலதான் இருந்திருப்பாரு.

#8 கீழைக்காற்று

நன்றி தராசுமுள் சார். தம்பிகிட்ட ஆட்டுக் கதையைச் சொன்னேன், "நான் ஆடா?"ன்னு கேட்டான். பதில் சொல்லலை.

கொழுப்பு விஷயத்துக்கு வாங்களேன். சோயா சாப்பிட்டா எல்டிஎல் உண்மையிலேயே இறங்குமா? எவ்வளவு?

#9 தராசுமுள்

இறங்கும். விளம்பரம் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

1995ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு எல்டிஎல் ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது என்றது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999ல், தினமும் 25 கிராம் சோயா புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அனுமதி கொடுத்தது. சோயா வியாபாரம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த 13 தேறவில்லை. 2006ல் அமெரிக்க இதயச் சங்கம் சுமார் 3 சதவீதம்தான் என்று சொன்னது. 2017ல் எஃப்டிஏவே தான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. எஃப்டிஏ எடுத்து வைத்த அதே ஆய்வுகளை மறுபடி கூட்டிப் பார்த்து 2019ல் வந்த கணக்கும் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் காட்டியது.

எல்டிஎல் 160 உள்ளவருக்கு 3 சதவீதம் என்றால் 5 புள்ளி. அதை வைத்து மாத்திரையைத் தவிர்க்கலாம் என்று கனவு காணக்கூடாது.

ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் கேள்வியே வேறு. தட்டில் டோஃபு வருகிறது என்பதைவிட, அதற்காக எது வெளியே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். கொழுப்புள்ள கறியை எடுத்துவிட்டு டோஃபு வைத்தால் நிறைவுற்ற கொழுப்பு குறைகிறது, நிறைவுறாக் கொழுப்பு கூடுகிறது. எல்டிஎல் இறங்குவதில் பெரும்பங்கு அதிலிருந்து வரும். கறியும் இருக்கட்டும், மேலே ஒரு டம்ளர் சோயா பாலும் இருக்கட்டும் என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இன்னொன்று. 2020ல் அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. வாரத்துக்கு ஒரு தடவையாவது டோஃபு சாப்பிட்டவர்களுக்கு, மாதத்துக்கு ஒரு தடவைகூடச் சாப்பிடாதவர்களைவிட இதய ரத்தக்குழாய் நோய் 18 சதவீதம் குறைவாக இருந்தது. சோயா பாலுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. டோஃபு சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அதைக் கணக்கில் கழித்துத்தான் சொல்கிறார்கள், ஆனால் முழுசாகக் கழிக்கவே முடியாது.

#10 நளபாகம்

எல்லாரும் சோயா சோயான்னு ஒரே பேர்ல பேசுறீங்க. சமைக்கிறவ கண்ணுக்கு அது பத்துப் பொருள். நான் வீட்லயே டோஃபு போடுறவ, அதனால கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், மன்னிக்கணும்.

சோயா பீன்ஸை ராத்திரி ஊற வெச்சு, அரைச்சு, கொதிக்க வெச்சு வடிகட்டினா சோயா பால். அது கொதிக்கும்போது நுரை மளமளன்னு அடுப்பு வரைக்கும் பொங்கும், பக்கத்துல நின்னே ஆகணும். பொங்கினதும் வெந்துடுச்சுன்னு இறக்கிடுறாங்க பல பேர். அது பொய்க் கொதி. தீயைக் குறைச்சு இன்னும் பத்து நிமிஷமாவது நல்லாக் கொதிக்கணும். பச்சை சோயாவுல புரதத்தைச் செரிக்க விடாம தடுக்கிற டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கு, அது சூட்டுலதான் அடங்கும். அரைவேக்காடு சோயா பால் குடிச்சு குமட்டல், வாந்தி, வயித்துவலின்னு அவதிப்படுறது நடக்கும்.

அப்புறம் உறைய வைக்கணும். இங்கதான் சூட்சுமம். கால்சியம் சல்ஃபேட் போட்டா கால்சியம் நிறைஞ்ச டோஃபு. மெக்னீசியம் குளோரைடு போட்டா வேற ருசி, கால்சியம் ரொம்பக் குறைவு. பட்டு மாதிரி வழுக்குற மென்மையான டோஃபுவை குளுக்கோனோ டெல்டா லாக்டோன்னு ஒண்ணு போட்டு டப்பாவுக்குள்ளயே உறைய வைப்பாங்க, அதுலயும் கால்சியம் பெரிசா இருக்காது. கால்சியம் சல்ஃபேட் போட்டு நல்லா அழுத்திப் பிழிஞ்ச கெட்டி டோஃபுல 100 கிராமுக்கு 17 கிராம் புரதம், 600 மில்லிகிராமுக்கு மேல கால்சியம்கூட இருக்கலாம். மென்மையான வகையில புரதம் 5, 6 கிராம்தான். ஒரே தட்டுல ஒரே அளவு வெச்சாலும் கணக்கு மூணு மடங்கு மாறுது. பொட்டலத்துல சேர்மானப் பட்டியலைப் படிச்சா எதைப் போட்டு உறைய வெச்சாங்கன்னு தெரிஞ்சுடும்.

சோயா பாலும் அப்படித்தான். கால்சியம் சேர்க்காத சோயா பால்ல அது பசும்பால்ல இருக்கிறதுல கால் பங்குகூட வராது. சேர்த்ததா இருந்தா பசும்பாலுக்குச் சமமா இருக்கும். ஆனா சேர்த்த கால்சியம் அடியில தங்கும். பாக்கெட்டைக் குலுக்காம ஊத்தினா மேல இருக்கிற வெறும் பாலைக் குடிச்சுட்டு சத்தைக் குப்பையில போடுற கதை.

மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த மாவுல செய்யுறது. காய்ஞ்ச நிலையில பாதிக்குப் பாதி புரதம். ஊறினதும் தண்ணி குடிச்சு எடை மூணு மடங்காகிடும், அதனால அந்தக் கணக்கை ஊறினதுக்குப் போட்டு ஏமாறக்கூடாது.

#11 செவ்வந்தி

நளபாகம் அக்கா, அருமையா சொன்னீங்க.

நான் கேக்க வந்தது கொஞ்சம் கனமான விஷயம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிஞ்சது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற டாமோக்சிஃபென் மாத்திரை எடுக்குறாங்க. சோயா பக்கமே போகக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு விருந்துல தெரியாம டோஃபு ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு ராத்திரி முழுக்க அழுதாங்க. உண்மை என்ன?

#12 மருந்துச்சீட்டு

செவ்வந்தி அவர்களுக்கு, நான் மருந்தாளுநர், புற்றுநோய் மருத்துவர் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவை உங்கள் அக்காவின் மருத்துவரோடு எடுங்கள். ஆனால் இரண்டு துண்டுக்காக அழ வேண்டியதில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

அந்த எச்சரிக்கை எலிகளிடமிருந்து வந்தது. சினைப்பைகளை நீக்கி, மனித மார்பகப் புற்றுச் செல்களைப் பதித்த எலிகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டி வளர்ந்தது. ஆனால் எலி உடம்பு ஐசோஃப்ளேவோனைக் கையாளும் விதம் நம்முடையதல்ல. அவற்றின் ரத்தத்தில் வீரியமுள்ள வடிவம் மனிதர்களைவிட வெகு அதிகமாகத் தங்கும்.

பெண்களிடமே பார்த்ததில், ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. டாமோக்சிஃபென் எடுத்தவர்களிலும் சரி, எடுக்காதவர்களிலும் சரி, சோயாவால் கெடுதல் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகையிலும் அப்படியே. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவுகள் பாதுகாப்பானவை என்றே சொல்கிறது.

கவனியுங்கள், உணவு என்றுதான் சொல்கிறேன். ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேறு. அதில் ஒரே வில்லையில் நாலைந்து வேளை உணவின் அளவை அடைத்திருப்பார்கள். புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

#13 செவ்வந்தி

நிம்மதியா இருக்கு. அக்காகிட்ட காட்டுறேன். டாக்டர்கிட்டயும் கேக்குறோம்.

#14 வைகறை

மாதவிடாய் நிற்கும் வயசுல உடம்பு திடீர்னு கொதிக்கிறதுக்கு சோயா நல்லதுன்னு கேள்விப்பட்டேன். எனக்குப் பெரிசா பலன் தெரியலை. தோழிக்கு நல்லா கேட்டுச்சாம். இது என்ன பாகுபாடு?

#15 தராசுமுள்

ஆட்டுக் கதையில் ஈக்குவால் என்று ஒன்று சொன்னேனே, அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். டெய்ட்ஸீனை ஈக்குவாலாக மாற்றுவது நம் குடல் பாக்டீரியா. மேற்கத்திய நாட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிட்டேதான் அந்தப் பாக்டீரியா உண்டு. கிழக்காசியாவில் பாதிக்கு மேல். இருக்கிறவர்களுக்குப் பலன் கூடுதலாக இருக்கலாம். சராசரியாகப் பார்த்தால், ஐசோஃப்ளேவோன் எடுத்தவர்களுக்கு அந்த வெப்ப அலைகளின் எண்ணிக்கை, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 20 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக 2012ல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. ஹார்மோன் சிகிச்சை கொடுக்கும் பலனோடு ஒப்பிட்டால் கம்மி. சில மாதம் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்களுக்கு அது வேலை செய்யவில்லை என்று விட்டுவிடலாம்.

#16 இரும்புக்கை

சரி, மார்பு வளராது, ஒத்துக்குறேன்னு வெச்சுக்குங்க. தசை? பால் புரதத்துக்கும் சோயாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

#17 தராசுமுள்

அவ்வளவு இல்லை. உடம்புக்கு வேண்டிய ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் சோயாவில் போதிய அளவில் உண்டு. தாவரப் புரதங்களில் அது அபூர்வம். தசையைத் தூண்டும் லியூசின் மட்டும் பால் புரதத்தைவிடக் குறைவு. மெத்தியோனினும் கொஞ்சம் மட்டு. அதனால் உடற்பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் அளந்தால் பால் புரதம் முந்தும். வாரக்கணக்கில் எடை தூக்கிவிட்டு வலுவையும் தசையையும் அளந்த ஆய்வுகளைத் தொகுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் நிற்கின்றன. நீங்கள் போட்டிக்கு மேடை ஏறுகிறவராக இருந்தால் பால் புரதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சண்டை இல்லை.

#18 இரும்புக்கை

மேடை ஏறத்தான் போறேன். அதனால எனக்கு முட்டையே போதும் 🙂

#19 மருந்துச்சீட்டு

தைராய்டு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இழையைத் தொடங்கியவரின் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் நடைமுறையில் சோயாவால் உண்மையான சிக்கல் வருவது இங்கேதான்.

சோயா நல்ல தைராய்டைக் கெடுக்கிறதா? சோதனைக் குழாயில் ஐசோஃப்ளேவோன்கள் தைராய்டு ஹார்மோன் தயாரிக்கும் நொதியைத் தடுக்கின்றன. அயோடின் சேர்க்காத பழைய காலச் சோயாப் பால்மாவு குடித்த குழந்தைகளுக்குக் கழுத்துக் கழலை வந்ததும் உண்மை. பிறகு அயோடின் சேர்த்தார்கள், அந்தச் சிக்கல் ஓய்ந்தது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு சோயாவால் தைராய்டு குன்றுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

விளிம்பில் இருப்பவர்கள் வேறு. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) கொஞ்சம் ஏறியிருக்கும், இன்னும் மாத்திரை ஆரம்பிக்காத நிலை. அப்படிப்பட்ட 60 பேருக்கு சோயா கொடுத்துப் பார்த்ததில் 6 பேருக்கு முழுத் தைராய்டு குறைபாடாக மாறியதாக 2011ல் ஒரு ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வு, ஆனால் அந்த நிலையில் உள்ளவர்கள் தினசரி சோயா தொடங்கினால் டிஎஸ்எச்சை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாத்திரை போடுகிறவர்கள் விஷயம் முற்றிலும் வேறு. சோயா அவர்கள் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. லெவோதைராக்சின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைத்தான் தடுக்கிறது. மாத்திரை போட்டதும் சோயா பால் குடித்தால் மருந்தின் ஒரு பகுதி வீணாகலாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, சோயாவுக்கு நாலு மணி நேர இடைவெளி. இதை மீறாவிட்டால் அம்மாவும் டோஃபு சாப்பிடலாம். இன்னொரு விஷயம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் மருந்தின் அளவை மருத்துவர் எப்படிக் கணிப்பார்? ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துகள் பேச்சு வந்ததால் இரண்டு சேர்த்துவிடுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் நாட்டோ என்ற நொதித்த சோயாவைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் கே மிக மிக அதிகம், மருந்தின் வேலையையே கவிழ்த்துவிடும். மன அழுத்தத்துக்கு எம்ஏஓ தடுப்பான் என்ற பழைய வகை மருந்து எடுப்பவர்கள் நொதித்த சோயா, சோயா சாஸ், பல நாள் வைத்த டோஃபு எதுவும் கூடாது. அவற்றில் சேரும் டைரமின் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று உச்சிக்கு ஏற்றும்.

#20 கீழைக்காற்று

அம்மா காலையில ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்கு சாப்பாடு. அப்போ டோஃபுவை மதியத்துக்கு வெச்சுக்கிட்டா சரியா?

#21 மருந்துச்சீட்டு

சரி. கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எடுத்தால் அதற்கும் இதே இடைவெளிதான்.

#22 பசலைக்கொடி

நான் பத்து வருஷத்துக்கு மேல சுத்த சைவம், பாலும் கிடையாது. சோயாதான் என் சோறு. யாரும் சொல்லாத ரெண்டு விஷயம்.

ஒண்ணு, இரும்புச்சத்து. அட்டவணையில சோயாவுக்கு நிறைய இரும்பு காட்டுவாங்க. ஆனா சோயாவுலயே இருக்கிற பைட்டேட்ங்கிற பொருள் அதைக் கட்டிப் போட்டுடும், துத்தநாகத்தையும் சேர்த்து. எனக்கு ரத்தத்துல இரும்பு இறங்கினப்போ டோஃபுவைக் கூட்டிக்கிட்டே போனேன், ஏறலை. அதே வேளையில எலுமிச்சை, குடைமிளகாய், கொய்யான்னு வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்து, சாப்பாட்டோட டீ குடிக்கிறதை நிறுத்தின பிறகுதான் நிலவரம் மாறிச்சு. சோயாவை நொதிக்க வெச்சுச் செய்யுற டெம்பேல பைட்டேட் குறைவு.

ரெண்டு, பி12. சோயாவுல அது கிடையாது. டெம்பேல இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க, நம்பி இருக்கக்கூடாது. மாத்திரையோ, சேர்த்த பாலோ கட்டாயம்.

அப்புறம் வாயு. முழு சோயா பீன்ஸ் சாப்பிட்டா வயிறு கடமுடான்னு கச்சேரி நடத்தும். அதுல இருக்கிற ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் சர்க்கரைகளை நம்மால செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியா எடுத்துக்கிட்டு வாயு விடும். டோஃபுவை அழுத்தும்போது வடியுற தண்ணியோட அதுல பெரும்பகுதி போயிடும். அதனால வயிறு ஒத்துக்காதவங்க கெட்டி டோஃபுல ஆரம்பிக்கலாம்.

#23 முள்வேலி

சோயா முழுக்க மரபணு மாற்றுப் பயிர். அதுக்கு அடிக்கிற களைக்கொல்லி எவ்வளவு தெரியுமா? பன்னாட்டுக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு எழுதுறீங்களா எல்லாரும்?

#24 தராசுமுள்

உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றுப் பயிர்தான். அதில் முக்கால் பங்கு மனிதன் தின்பதே இல்லை, கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போகிறது. டோஃபு, சோயா பால் போன்றவற்றுக்குப் போவது 10 சதவீதம்கூட இல்லை. களைக்கொல்லிக் கவலை நியாயம்தான், அதற்கு இயற்கை முறையில் விளைந்தது என்று சான்று உள்ளதை வாங்கலாம். கூலி யாராவது கொடுத்தால் எனக்கும் தகவல் சொல்லுங்கள்.

#25 நடுவர் (மட்டுறுத்துநர்)

முள்வேலி, கருத்தோடு மோதுங்கள், ஆட்களோடு வேண்டாம். மரபணு மாற்றுப் பயிர் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. இங்கே அதைத் தொடரும் பதிவுகள் நீக்கப்படும்.

#26 தேன்சிட்டு

என் பையனுக்கு சோயா அலர்ஜி. மூணு வயசுல சோயா பால் குடிச்சதும் உதடு வீங்கி, உடம்பு பூரா தடிப்பு. சேர்மானப் பட்டியல் படிக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு. பிஸ்கட், ரொட்டி, சூப் பாக்கெட், சாக்லேட், எங்க பார்த்தாலும் சோயா மாவு, சோயா புரதம், சோயா லெசித்தின். லெசித்தினும் சுத்திகரிச்ச எண்ணெயும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, புரதம் அதுல ரொம்பக் குறைவுன்னு டாக்டர் விளக்கினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது போயிடுமாம். காத்திருக்கோம்.

இன்னொண்ணு. கைக்குழந்தைக்குச் சாதாரண சோயா பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலா கொடுக்குறவங்களைப் பார்த்திருக்கேன். பெரியவங்க குடிக்கிற சோயா பால் வேற, குழந்தைக்குன்னு சத்துகள் சேர்த்துத் தயாரிச்ச சோயா பால்மாவு வேற. அந்த மாவும் கேலக்டோசீமியா (பால் சர்க்கரையில இருக்கிற கேலக்டோஸை உடம்பு கையாள முடியாத பிறவிக் குறை) மாதிரி சில காரணங்களுக்குத்தான், குறைமாசக் குழந்தைகளுக்கு ஆகாது. குழந்தை மருத்துவர் சொல்லாம எதுவும் வேண்டாம்.

#27 வைகறை

சிறுநீரகக் கல்லுக்கும் யூரிக் அமிலத்துக்கும் சோயா ஆகாதுங்கிறாங்களே?

#28 மருந்துச்சீட்டு

கல் விஷயத்தில் உண்மை இருக்கிறது. ஆக்சலேட் கல் வந்தவர்கள் மீல் மேக்கர், சோயா மாவு, முழு பீன்ஸ் போன்றவற்றைக் குறைக்க வேண்டும். டோஃபுவில் ஆக்சலேட் ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் நிறைய மாறும். யூரிக் அமிலம் பற்றிய பயம் பழைய கணக்கு. சோயாவில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் உண்டு, ஆனால் சிங்கப்பூரில் சீனர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் சோயா சாப்பிட்டவர்களுக்குக் கீல்வாதம் கூடவில்லை, குறைந்தே இருந்தது. சிறுநீரகமே பழுதானவர்கள் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் எண்ணிச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு இந்த இழையிலிருந்து பதில் எடுக்கக்கூடாது.

#29 நளபாகம்

எல்லாம் சொன்னீங்க, உப்பை விட்டுட்டீங்க. டோஃபுக்குன்னு சொந்த ருசி கிடையாது, எதைப் போட்டாலும் உறிஞ்சிக்கும். அதனால சோயா சாஸைத் தாராளமா ஊத்துறாங்க. ஒரு மேசைக்கரண்டி சாஸ்ல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000க்குக் கீழதான் சொல்லுது. கீழைக்காற்று, அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தா இதுலதான் கவனம் வேணும். இஞ்சி, பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறுல ஊற வெச்சுட்டு, கடைசியா சாஸ் அரைக் கரண்டி போட்டா போதும். எண்ணெயில பொரிக்காதீங்க, பொரிச்சா அது எண்ணெயையும் நல்லாவே குடிக்கும்.

#30 கீழைக்காற்று

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் லேசா இருக்கு. நல்ல நேரத்துல சொன்னீங்க அக்கா. எவ்வளவு டோஃபு கொடுக்கட்டும்? தினமுமா?

#31 தராசுமுள்

100 கிராமில் 25 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் பெரியவர்களின் அன்றாடச் சராசரி 30 முதல் 50 மில்லிகிராம். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளை டோஃபு, ஒரு டம்ளர் சோயா பால் என்பது பல தலைமுறை பார்த்துவிட்ட அளவு. தினமும் எடுத்தாலும் தவறில்லை, வாரத்தில் மூன்று நாலு நாள் என்றால் மீதி நாளில் பருப்புக்கும் மீனுக்கும் இடம் இருக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆபத்து என்பதற்காக அல்ல, அப்பாவுக்குச் சலித்துப்போய் மறுபடி கறிக்கே போய்விடக்கூடாதே என்பதற்காக. சர்க்கரை சேர்க்காத சோயா பாலாகப் பார்த்து வாங்குங்கள்.

#32 செவ்வந்தி

பிரித்த டோஃபு எத்தனை நாள் தாங்கும்? நேத்து எடுத்தது லேசா வழவழன்னு இருக்கு.

#33 நளபாகம்

வழவழப்பு, புளிச்ச வாடை, தண்ணி கலங்கல், எது இருந்தாலும் யோசிக்காம தூக்கிப் போடுங்க. பிரிச்சதைக் காய்ச்சி ஆறின தண்ணியில முங்க வெச்சு, தினம் தண்ணி மாத்தி, ஃபிரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள். தண்ணி சுத்தமா இருக்கணும், அது ரொம்ப முக்கியம். 1980களின் தொடக்கத்துல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல சுத்திகரிக்காத ஊற்றுத் தண்ணியில டோஃபு அடைச்சு வித்து, யெர்சினியாங்கிற கிருமியால நிறைய பேருக்கு வயித்துக்கோளாறு பரவிச்சு.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். இணையத்துல பார்த்துட்டு வீட்ல டோஃபுவைச் சாதாரண சூட்டுல நாள்கணக்கா மூடி வெச்சு நொதிக்க வைக்கிறவங்க இருக்காங்க. அதுல பொட்டுலிசம்ங்கிற, கிருமி உண்டாக்குற நஞ்சால வர்ற நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு. அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. தெரியாம இறங்காதீங்க.

#34 வம்பளப்பு

உறைபெட்டியில வைக்கலாமா?

#35 நளபாகம்

தாராளமா. கெட்டி டோஃபுவை மட்டும் வைங்க. மஞ்சளா மாறும், பயப்படாதீங்க, உருகினதும் வெளுத்துடும். உள்ள துளை துளையா ஆகி, கையால பிழிஞ்சா தண்ணி முழுக்க வந்துடும், அப்புறம் மசாலா ஊற வெச்சா நல்லா இழுத்துக்கும், கடிக்கவும் கறி மாதிரி இருக்கும். கறியை விட்டுட்டு வர்றவங்களுக்கு அதுதான் பிடிக்கும்.